தேய்ந்த செருப்பும் இரண்டாம் பாகமும்

தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், பொங்கல் பானைகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, எதிரெதிர் வீடுகளின் மாடிக் கம்பிகளுக்கு நடுவே வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, நாங்கள் ஏழு பேர் மூன்று ஆண்டுகளாக இரவுகளில் உழைத்து முடித்த 19 நிமிட அனிமேஷன் படத்தை முதன்முதலாகத் திரையிட்டோம். கதை எங்களுடையதன்று. திருநெல்வேலிச் சீமையின் கொடை விழாக்களில் தலைமுறைகளாக வில்லுப்பாட்டில் பாடப்பட்டு வரும் முத்துப்பட்டன் கதை அது. அந்தணக் குடும்பத்தில் பிறந்த பட்டன், செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்க விரும்பி, பூணூலைக் களைந்து, தன் கையால் செருப்புத் தைத்து மாமனார் முன் வைக்கிறான். மணம் முடிந்த சூட்டிலேயே மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மடிகிறான். மனைவியர் இருவரும் அவன் சிதையில் ஏறுகின்றனர். பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயனாக நிற்கிறான். அவனுக்கு நேர்த்திக்கடனாகத் தோல் செருப்புகளைச் செலுத்துவார்கள். அச்செருப்புகள் யாரோ போட்டு நடந்தவை போலத் தேய்ந்திருக்கும் என்பது அடியவர்களின் நம்பிக்கை.

தாராவித் தமிழரில் பலருடைய முன்னோர் நெல்லைப் பகுதியிலிருந்து தோல் வேலைக்காக இங்கு வந்தவர்கள். ஆகவே செருப்பு தைக்கும் காட்சியில் கூட்டம் அடங்கி அமர்ந்ததற்கு எங்கள் ஓவியத் திறமை மட்டும் காரணமாக இருந்திருக்காது. படத்தின் கடைசிக் காட்சியாக, மரக்கிளையில் தொங்கும் செருப்பின் தேய்ந்த அடிப்பாகத்தைக் காட்டியிருந்தோம். விளக்கு எரிந்ததும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, “மாமா, செருப்பு தேஞ்சிருக்குன்னா அவரு இன்னும் நடக்காரா?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நாங்கள் இன்னும் விடை சொல்லவில்லை. அதற்குள் வேறொரு கேள்வி வந்துவிட்டது. படத்தைப் பார்த்த ஒரு தயாரிப்பு நிறுவனம், 80 நிமிட நீளத்தில் இரண்டாம் பாகம் எடுக்கப் பணம் தர முன்வந்திருக்கிறது. அதில் முத்துப்பட்டன் இன்றைய மும்பையில் மறுபிறவி எடுத்து வர வேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். கோரேகாவிலும் அந்தேரியிலும் பிறருடைய படங்களுக்கு ஷாட் கணக்கில் வேலை செய்து வாழும் எங்களுக்கு இது சிறிய வாய்ப்பு அன்று. ஏழு பேரும் சேர்ந்து முடிவெடுக்கும் முன், இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். மரபில் வேரூன்றிய படத்துக்குத் தொடர்ச்சி தேவையா என்ற கேள்வி எங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதால் அதைப் பொதுவில் வைக்கிறேன்.

எங்கள் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. எடுத்த படத்தை அப்படியே நிறுத்திக்கொண்டு அதைப் பரப்பும் வேலையில் இறங்கலாம். அதே நாயகனைக் கொண்டு நேரடித் தொடர்ச்சி எடுக்கலாம். அதே மண்ணிலிருந்து வேறொரு முழுக்கதையை எடுக்கலாம். அல்லது முதல் படத்தோடு சேர்த்துப் பார்க்கத்தக்க சிறிய துணைப்படம் ஒன்றைச் செய்யலாம். நடிகர்களை வைத்து மறுபடி எடுப்பது பற்றியும் ஒருவர் பேசினார். ஒரே கதையை இரண்டு முறை விற்பதற்கு மேல் அதில் எனக்கு எதுவும் தென்படாததால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

நேரடித் தொடர்ச்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் பணம் இருக்கும் வழி அதுதான். தொடர்ச்சி என்றாலே வியாபாரம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதை, சீனத் தொன்மத்தின் சிறுவன் தெய்வமான நெஜாவைப் பற்றிய ‘நெஜா’ படங்கள் காட்டுகின்றன. 2019-இல் வந்த முதல் படத்தின் முடிவில் நெஜாவும் டிராகன் அரசனின் மகன் ஆவ் பிங்கும் உடலை இழந்து உயிரளவில் மட்டும் மிஞ்சுகிறார்கள். 2025 சீனப் புத்தாண்டுக்கு வெளியான இரண்டாம் படம், அவர்களுக்கு மீண்டும் உடல் செய்யும் முயற்சியில் தொடங்குகிறது. இது திரைக்கதை ஆசிரியர் வலிந்து கண்டுபிடித்த திருப்பம் அன்று. மிங் காலப் புதினமான ‘தெய்வங்களின் பட்டமேற்பு’ கதையிலேயே நெஜாவின் உடலை அவனுடைய குரு தாமரையிலிருந்து ஆக்குகிறார். மரபுக்குள்ளேயே அடுத்த அத்தியாயம் எழுதப்பட்டிருந்தது, இயக்குநர் ஜியாவ்ஸி அதை எடுத்துத் தமக்கேற்ப விரித்தார். அப்படம் 200 கோடி டாலருக்கு மேல் ஈட்டி, அனிமேஷன் படங்களிலேயே மிகுந்த வசூல் பெற்ற படமாகியிருக்கிறது. இடையில் ஒன்று சொல்ல வேண்டும்: நெஜா என்ற பெயரே குபேரனின் மகன் நளகூபரனின் பெயரிலிருந்து, பௌத்தத்தின் வழியே சீனம் சென்றது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கண்ணன் உரலை இழுத்து மருத மரங்களைச் சாய்த்தபோது சாபம் நீங்கி வெளிப்பட்டவர்களில் ஒருவன்தான் நம் நளகூபரன். நாட்டுக்கு நாடு போய் உருமாறி, இன்னும் தொடர்ந்துகொண்டிருக்கிற கதைக்கு இரண்டாம் பாகம் அமைவது இயல்பானதே.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு மும்பையிலேயே இருக்கிறது. 2005-இல் வி. ஜி. சாமந்த் இயக்கி வெளிவந்த ‘ஹனுமான்’, இந்தியக் குழந்தைகள் திரையரங்குக்குப் போய்ப் பார்த்துக் கொண்டாடிய அனிமேஷன் படம். இரண்டே ஆண்டுகளில், 2007-இல், அனுராக் காஷ்யப் இயக்கத்தில் ‘ரிட்டர்ன் ஆஃப் ஹனுமான்’ வந்தது. அதில் அனுமன் இக்காலத்தில் மாருதி என்ற சிறுவனாகப் பிறக்கிறான். எங்களிடம் கேட்கப்படுவதும் இதுவே என்பதால் அப்படத்தை மீண்டும் பார்த்தேன். அதில் துள்ளலும் கற்பனையும் உண்டு. என் தடை வேறிடத்தில் இருக்கிறது. அனுமன் சிரஞ்சீவி, இறக்காதவனுக்கு மறுபிறவி எதற்கு? அவன் இன்றும் இருக்கிறான் என்றுதான் மரபு சொல்கிறது. பீமன் காட்டு வழியில் ஒரு கிழக் குரங்கின் வாலைத் தூக்க முடியாமல் திகைத்த கதையை மகாபாரதம் சொல்கிறது. இராமாயணத்தின் அனுமனுக்கு அதைவிடப் பொருத்தமான தொடர்ச்சி கிடைக்குமா? மரபு தானே திறந்து வைத்திருந்த கதவை விட்டுவிட்டு, பக்கத்துச் சுவரை இடித்து வழி செய்ததாகவே எனக்குப் படுகிறது.

எங்கள் முத்துப்பட்டனுக்கும் இதே கேடு வரக்கூடும். தேய்ந்த செருப்பின் பொருள் அவன் போகவில்லை, காவல் காத்து நடந்துகொண்டிருக்கிறான் என்பது. மும்பையில் ஒரு பையனாக அவன் பிறந்துவிட்டால், காரையாற்றில் இத்தனை காலம் நடந்தவர் யார்?

இங்கேதான் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் செய்தி வருகிறது. இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்குப் பின்னால் போய் நிற்பதோடு அமைவதில்லை. திரும்பிப் போய் முதல் பாகத்தையே மாற்றிவிடுகிறது. முத்துப்பட்டன் கதைக்கே இது நேர்ந்திருக்கிறது. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் அந்தணக் குழந்தைகள், காட்டில் விடப்பட்டு வாலப்பகடையால் வளர்க்கப்பட்டவர்கள் என்றொரு முன்கதை பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது. இந்தச் சேர்க்கையைப் பேராசிரியர் நா. வானமாமலை தம் பதிப்பில் எடுத்துக்காட்டினார். பார்வைக்கு அது கதைக்குக் கூடுதலாகக் கிடைத்த ஒரு சிறு பகுதிதான். ஆனால் அதை ஏற்றுக்கொண்ட நொடியில் பட்டன் பூணூலைக் களைந்ததற்கும் செருப்புத் தைத்ததற்கும் இருந்த பொருள் கரைந்துபோகிறது. அவன் தன் சாதிப் பெண்களையே மணந்தவனாகிவிடுகிறான். மூலக் கதையின் ஒரு சொல்லைக்கூடத் தொடாமல், முன்னாலோ பின்னாலோ ஒன்றைச் சேர்த்தே அதன் முதுகெலும்பை எடுத்துவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கம்பர் தம் காவியத்தை முடிசூட்டலுக்குப் பின் விடை கொடுத்த படலத்தோடு நிறுத்தினார். எல்லோருக்கும் பரிசளித்து, வழியனுப்பி, இராமன் அயோத்தியில் இருக்கிறான், கதை முடிந்தது. உத்தர காண்டத்தைத் தமிழில் ஒட்டக்கூத்தர் பாடியதாக மரபு சொல்கிறது. அதைப் படித்தவர், முடிசூட்டு விழாவில் சீதை அமர்ந்திருக்கும் காட்சியைப் பழைய மகிழ்ச்சியோடு மறுபடி படிக்க முடியாது. உத்தர காண்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; சீதையின் துயரம் சொல்லப்பட வேண்டியதே. ஆனால் அதைத் தொடுகிறவர், தாம் முதல் நூலின் முடிவையும் சேர்த்தே எழுதுகிறோம் என்பதை அறிந்து எழுத வேண்டும்.

இதே கண்ணோடு ‘கோகோ’வைப் பார்க்கிறேன். மெக்சிகோவின் இறந்தோர் நாளை அடிப்படையாகக் கொண்டு 2017-இல் பிக்ஸார் எடுத்த இப்படம், அமெரிக்காவுக்கு முன்பே மெக்சிகோவில் வெளியானது. நான்காண்டுகளுக்கு முன், 2013-இல், அந்த விழாவின் பெயரையே வணிகக் குறியாகப் பதிவு செய்ய, பிக்ஸாரின் தாய் நிறுவனமான டிஸ்னி முயன்று, கடும் எதிர்ப்புக்குப் பின் பின்வாங்கியது. அப்போது கேலிச்சித்திரம் வரைந்து எதிர்த்த லாலோ அல்கராஸையே பின்னர்ப் படத்துக்கு ஆலோசகராக அழைத்துக்கொண்டார்கள். அந்தத் திருத்தத்தின் பயனைப் படத்தில் காணலாம். உயிரோடிருப்பவர்களில் ஒருவராவது நினைக்கும் வரை இறந்தவர் மறு உலகில் இருப்பார். கடைசி நினைவும் அழிந்தால் அங்கும் இல்லாமல் போவார். இந்த ஒரே விதியின் மீது படம் முழுவதும் நிற்கிறது. மூதாட்டி கோகோ தன் தந்தையின் பாட்டை நினைவுகூர்வதோடு அந்தக் கணக்கு நேராகிறது. ஓராண்டு கழித்து அவரும் இறந்து, தந்தையோடு சேர்ந்து வீட்டுக்கு வருகிறார்.

2025 மார்ச்சில் ‘கோகோ 2’ அறிவிக்கப்பட்டது. 2029-இல் வெளியிடத் திட்டம். லீ அன்க்ரிச்சும் அட்ரியன் மோலினாவும் திரும்புகிறார்கள் என்பது ஆறுதல் தருகிறது. முதல் படத்தைச் செய்த கைகளுக்கு அதன் நரம்புகள் தெரியும். ஆயினும் என் கவலை தீரவில்லை. படத்தின் நாயகச் சிறுவன் மிகுவேல் மறு உலகுக்குப் போனது ஒருமுறை நேர்ந்த அதிசயம். இரண்டாம் முறையும் அவன் போய்வந்தால் அது போக்குவரத்தாகிவிடும். சாவின் எல்லை, பக்கத்து ஊரின் எல்லை அளவுக்கு இறங்கிவிடும். மகாளய அமாவாசையன்று வால்கேஷ்வர் பாணகங்கைக் குளக்கரையில் எள்ளும் நீரும் இறைக்கும் குடும்பங்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்கள் யாரும் சென்ற ஆண்டுச் சடங்கின் அடுத்த கட்டத்தைத் தேடி வருவதில்லை. அதே சடங்கை அதே பெயர்களைச் சொல்லி மீண்டும் செய்ய வருகிறார்கள். இறந்தோர் நாளும் அப்படிப்பட்டதே. ‘கோகோ’வை ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் மறுபடி பார்க்கும் குடும்பம், அந்த மரபுக்கு மிக நெருக்கமான முறையில்தான் அப்படத்தைப் பார்க்கிறது.

இருந்தாலும் என் வாதத்துக்கு எதிரான ஒரு சான்றை மறைக்க மாட்டேன். 2013-இல் வந்த ‘ஃப்ரோசன்’ வட ஐரோப்பாவின் ‘சாமி’ என்னும் பழங்குடி மக்களுடைய இசை மரபையும் உடையையும் எடுத்துக்கொண்டு அவர்களுக்கு உரிய இடம் தரவில்லை என்ற குறை எழுந்தது. 2019-இல் வந்த இரண்டாம் பாகத்துக்கு முன், நார்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளின் சாமி நாடாளுமன்றங்களோடும் சாமி மன்றத்தோடும் டிஸ்னி எழுத்து ஒப்பந்தம் செய்துகொண்டது. அவர்கள் அமைத்த ஆலோசனைக் குழு படத்தைப் பார்த்துக் கருத்துச் சொன்னது. படம் வட சாமி மொழியில் குரல் மாற்றப்பட்டு வெளியானது. முதல் படம் பட்ட கடனை இரண்டாம் படம் அடைத்த நிகழ்வு இது. எங்கள் படத்தில் அப்படிப்பட்ட கடன் உண்டா என்று நேர்மையாகத் தேடினால், ஒன்று இருக்கிறது. பொம்மக்காவுக்கும் திம்மக்காவுக்கும் 19 நிமிடத்தில் நாங்கள் கொடுத்த வசனம் மிகக் குறைவு. அவர்கள் இருவரின் பார்வையிலிருந்து கதையைச் சொல்லும் இரண்டாம் படம் வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால், நான் இவ்வளவு தயங்கியிருக்க மாட்டேன். கேட்கப்பட்டது அதுவன்று.

‘மோவானா 2’ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2016-இல் வந்த முதல் படம், பசிபிக் தீவினரின் கடற்பயணங்கள் நெடுங்காலம் நின்று பின்பு மீண்டும் தொடங்கிய வரலாற்றுப் புதிரைக் கதைப் பொருளாக எடுத்து, மக்கள் மறுபடி பாய் விரிப்பதோடு முடிந்தது. 2024-இல் வந்த இரண்டாவது, இணையத் தொடராகத் தொடங்கிப் பாதியில் திரைப்படமாக மாற்றப்பட்டது. அத்தியாயம் அத்தியாயமாகத் திட்டமிடப்பட்ட தடம் அதில் தெரிகிறது. 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆனால் அந்தத் தீவு மக்களுக்கு அதைவிட மதிப்புள்ளதாக நான் கருதுவது, முதல் படத்தை தஹிதி, மாவோரி, ஹவாய் மொழிகளில் குரல் மாற்றி வெளியிட்ட செயலை. தன் பாட்டியின் மொழியில் ஒரு குழந்தை அப்படத்தைப் பார்க்க முடிந்தது.

இது என்னை முதல் வழிக்குக் கொண்டுவருகிறது. படத்தை அப்படியே விடுவது என்றால் சும்மா இருப்பது என்று பொருளன்று. மும்பைக்கு இதிலும் ஒரு பாடம் உண்டு. பெடர் சாலை ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் 1956-இல் சேர்ந்து, டிஸ்னியிலிருந்து வந்த கிளேர் வீக்ஸிடம் பயின்று வளர்ந்தவர் ராம் மோகன். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்றவர். யூகோ சாகோ, கோய்ச்சி சசாகி ஆகியோரோடு அவர் இணைந்து இயக்கிய ஜப்பானிய, இந்தியக் கூட்டுப் படம் ‘இராமாயணம்: இளவரசர் இராமனின் காவியம்’. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முடிந்த அந்தப் படம் இங்கே திரையரங்குகளில் பரவலாக ஓடவில்லை. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள்தான் அதை மறக்காமல் வைத்திருந்தார்கள். உத்தர காண்டத்துக்குள் போகாமல் நின்ற அப்படத்துக்கு இரண்டாம் பாகம் வரவே இல்லை. 2025 ஜனவரியில், தெளிவு கூட்டப்பட்டு, தமிழ் உட்பட நான்கு மொழிகளில் அது திரையரங்குகளுக்கு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் கையால் வரைந்த அதே இராமனை, அன்று பார்த்தவர்கள் தம் பிள்ளைகளோடு போய்ப் பார்த்தார்கள். ராம் மோகன் 2019-இலேயே காலமாகிவிட்டார்.

நாங்களும் பரப்பலாம். எங்கள் படத்துக்கு மராத்தியில் குரல் இல்லை. தாராவியின் குழந்தைகளில் பாதிப்பேர் மராத்தியிலும் இந்தியிலும் படிக்கிறார்கள். நெல்லைப் பக்கத்துக் கொடை ஒன்றில்கூட அது இன்னும் காட்டப்படவில்லை. கதை எங்கிருந்து வந்ததோ அங்கே அதைக் கொண்டு போய்க் காட்டாமல் அடுத்த பாகத்தைப் பற்றிப் பேசுவது எனக்கு முறையாகப் படவில்லை.

இப்படத்துக்குக் குரல் கொடுத்த வில்லுப்பாட்டு அண்ணாவிப் பெரியப்பாவிடம் இரண்டாம் பாகம் பற்றிக் கேட்டேன். “கொடைக்குக் கொடை இதே கதையத்தான் பாடுதேன் தம்பி. அடுத்தது என்னன்னு ஒருத்தனும் கேக்கல. போன வருசம் அழுத இடத்துலதான் இந்த வருசமும் அழுதான்” என்றார். சற்று நேரம் கழித்து, “ஆனா நேரம் இருந்தா வேற சாமி கதையும் பாடுவோம்” என்றும் சொன்னார்.

அவர் கடைசியாகச் சொன்னது மூன்றாம் வழி. அயர்லாந்தின் கில்கென்னி நகரிலுள்ள கார்ட்டூன் சலூன் நிறுவனம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. டாம் மூரும் அவருடைய கூட்டாளிகளும் ‘தி சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்’ (2009), ‘சாங் ஆஃப் த சீ’ (2014), ‘உல்ஃப்வாக்கர்ஸ்’ (2020) என்று மூன்று படங்களை எடுத்தார்கள். மூன்றும் ஐரிஷ் நாட்டார் மரபிலிருந்து வந்தவை, மூன்றும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றவை. ஆனால் எதுவும் எதற்கும் தொடர்ச்சி அன்று. ஒன்று ஓவியச் சுவடி எழுதும் துறவிகளைப் பற்றியது, அடுத்தது கடல்நாயாக மாறும் பெண்ணின் குழந்தைகளைப் பற்றியது, மூன்றாவது 1650-ஆம் ஆண்டுக் கில்கென்னியில் ஓநாய்களைப் பற்றியது. பார்வையாளர் ஒரு நாயகனைப் பின்தொடர்வதற்கு மாறாக, ஒரு மண்ணையும் ஒரு கோட்டோவியப் பாணியையும் நம்பி அடுத்த படத்துக்கு வருகிறார்கள். பெங்களூருவின் ஹோம்பாலே நிறுவனம் வழங்கிய ‘மகாவதார் நரசிம்மா’வும் ஒரு வகையில் இந்த இனமே. 2025 ஜூலையில் வெளியாகி 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்த அப்படம், பரசுராமர் முதல் கல்கி வரை 2037 வரை நீளும் ஏழு படத் திட்டத்தின் முதல் படி. தசாவதாரம் என்பதே வரிசையாகச் சொல்லப்படும் மரபு. நரசிம்மரின் கதை தூணோடு தொடங்கி மடியோடு முடிந்துவிடுவதால், அடுத்த அவதாரத்தின் கதை அதைத் தொடுவதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்கூட்டியே தேதி குறித்துவிடுவது கலைஞர்களுக்கு நல்லதா என்ற ஐயம் எனக்கு உண்டு என்றாலும், அடிப்படை அமைப்பு மரபோடு பொருந்துகிறது.

நம்மிடம் இதற்கு இன்னும் பழைய முன்மாதிரி இருக்கிறது. சிலப்பதிகாரத்துக்குப் பின் மணிமேகலையைச் சாத்தனார் என்ற வேறொரு புலவர் பாடினார். கண்ணகி மறுபடி எழுந்து இன்னொரு நகரை எரிக்கவில்லை. மாதவியின் மகள் நாயகியானாள். நீதி பற்றிய கேள்வி போய்ப் பசி பற்றிய கேள்வி வந்தது. சிலம்பு இருந்த இடத்தில் அமுதசுரபி வந்தது. அந்த நூலிலும் மணிமேகலை வஞ்சியில் கண்ணகி கோட்டத்துக்குப் போகிறாள். கண்ணகி தன் சினத்தைப் பற்றி வேறு விதமாகப் பேசுகிறாள். முதல் நூலைச் சாத்தனாரும் திரும்பித் தொட்டார். ஆனால் ஒரே ஒரு காதையில், சொல்ல வேண்டிய புதிய உண்மை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டார்.

சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் தனியாக இல்லை. சங்கிலி பூதத்தார் இருக்கிறார், தளவாய் மாடன் இருக்கிறார், தூசி மாடன் இருக்கிறார், பேச்சியம்மன் இருக்கிறாள். ஒவ்வொருவருக்கும் ஒரு வரலாறு, பாட ஆள் இருக்கிற வரலாறு. 80 நிமிடம் போதாது என்னும் அளவுக்குக் கதை இருக்கும் இடத்தில், முடிந்த கதையைப் பிடித்து இழுக்க வேண்டிய கட்டாயம் எங்கே இருக்கிறது?

நான்காம் வழியான துணைப்படத்துக்கு ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகி வழி காட்டியிருக்கிறார். ‘மை நெய்பர் டோட்டோரோ’வுக்கு இரண்டாம் பாகம் கேட்டவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். 2002-இல் அவர் செய்தது சிறுமி மேயும் ஒரு குட்டிப் பூனைப் பேருந்தும் வரும் கால் மணி நேரத்துக்கும் குறைவான ஒரு குறும்படம். அவருடைய கிப்லி ஸ்டுடியோவின் மிடாகா அருங்காட்சியகத்துக்கு நேரில் போகிறவர்களுக்கு அதைத் திரையிட்டார்கள். கடைகளில் வட்டாகவும் விற்கவில்லை. கோயிலுக்குப் போனால்தான் கிடைக்கும் பிரசாதம் போல அது இருக்கிறது. முதல் படத்தின் முடிவை அது தொடவில்லை. அதன் ஓரத்தில் அமர்ந்திருக்கிறது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீடு நேர்மையாக இராது. எங்களில் ஒருவருக்கு முலுண்டில் வீட்டுக் கடன் ஓடுகிறது. அவர் வேலை செய்த ஸ்டுடியோவில் சென்ற ஆண்டு பாதிப்பேரை அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் பாகத்துக்குக் கையெழுத்திட்டால் ஏழு பேருக்கும் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. கொள்கை பேசுகிறவர் அவருடைய மாதத் தவணையைக் கட்டப் போவதில்லை. இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. அதே நிறுவனத்திடம், முத்துப்பட்டனுக்குப் பதிலாகச் சங்கிலி பூதத்தார் கதையை அதே நீளத்தில், அதே செலவில் எடுத்துத் தருகிறோம் என்று முதலில் கேட்டுப் பார்ப்போம் என்பதே நான் சொன்ன யோசனை. அவர்கள் மறுத்தால் அந்த நண்பர் வேறு முடிவெடுக்க உரிமை உண்டு என்பதையும், அதற்காக யாரும் அவரைக் குறை சொல்லக் கூடாது என்பதையும் எழுத்தில் சேர்த்தேன்.

சென்ற சனிக்கிழமை சயானில் ஒரு நண்பரின் வீட்டு மொட்டை மாடியில் ஏழு பேரும் கூடினோம். ஐவர் மறுபிறவிக் கதைக்கு மறுத்தார்கள், ஒருவர் அவகாசம் கேட்டார், வீட்டுக் கடன் உள்ள நண்பர் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பூதத்தார் கதைக்கான முன்மொழிவைத் தாமே எழுதுவதாகச் சொன்னார். அந்த முன்மொழிவு இந்த வாரம் போகிறது. மராத்திக் குரல் பதிவுக்கும், ஆடி அமாவாசைத் திருவிழாச் சமயத்தில் பாபநாசத்தில் திரையிடுவதற்கும் அவரவர் கையிலிருந்து பணம் போட்டோம்.

அதோடு ஆறு நிமிடப் படம் ஒன்று செய்கிறோம். அதில் முத்துப்பட்டன் வரமாட்டான். தாராவியில் ஒரு பெரியவர் செருப்பு ஒன்றைத் தைக்கிறார், அது ரயிலேறி, பேருந்தேறி, காரையாற்றுக்குப் போய் மரத்தில் தொங்குகிறது, மழை பெய்கிறது, மறு ஆண்டு அவர் பேத்தி போய் அதன் அடியைத் திருப்பிப் பார்க்கிறாள். இணையத்தில் ஏற்ற மாட்டோம்; கொடையிலும் திருவிழாவிலும் முதல் படத்துக்குப் பின் காட்டுவோம். கேள்வி கேட்ட சிறுமியின் வீட்டில் பேசி, பேத்தியின் குரலை அவளே தர ஒப்புதல் வாங்கியாயிற்று. அண்ணாவிப் பெரியப்பா வரும் ஞாயிற்றுக்கிழமை குடமும் உடுக்கையும் எடுத்துக்கொண்டு வருகிறார். ஒலிப்பதிவு அன்று காலை ஒன்பது மணிக்கு.